கையில் பிள்ளை இல்லாதவளின் பத்தியம்

என் அண்ணி தையல்நாயகியை எங்கள் மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் வாயாடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் இல்லாமல் இருந்திருந்தால் எழுபத்தாறாம் வருஷமே அவளைப் புதைத்த இடத்தில் புல் முளைத்திருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில், எட்டாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டது. பிறந்த ஆண் குழந்தை அழவில்லை. என் அண்ணன் பஞ்சநாதன் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்து, நனைந்தபடியே வாசலில் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் ராஜ மரியாதை. வெந்நீர்க் குளியல், வயிற்றில் துணிக்கட்டு, பூண்டும் மிளகும் போட்ட பத்தியக் குழம்பு, அதில் காரப்பொடி என்கிற பொடி மீன். அடுப்படிப் பக்கம்கூட வரவிட மாட்டார்கள். ஆனால் அதெல்லாம் குழந்தை உயிரோடு இருந்தால்தான். குழந்தை இல்லையென்றால் தீட்டுக் கழியத் தலைக்கு ஊற்றிவிட்டு, மீன் கூடையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பத்தியம் பிள்ளைக்காகத்தான், பெற்றவளுக்காக இல்லை என்று யார் வகுத்தார்களோ, அவர்கள் நாசமாய்ப் போக. யாருக்குமே அது தப்பாகத் தோன்றியதில்லை.

அப்படித்தான் அண்ணியும் ஒரு வாரம்கூட ஆகாமல் கரையில் நடக்கும் மீன் ஏலத்துக்குப் போனாள். ஈர மணலில் நின்று மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தலத்தெரு வரைக்கும் விற்க நடந்தாள். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. உதிரம் நிற்கவில்லை. காய்ச்சலும் வந்தது, நடுங்கிக்கொண்டே விற்றாள். ஒருநாள், வழக்கமாக அவளிடம் மீன் வாங்கும் ஞானசௌந்தரி டீச்சர் வீட்டு வாசலில் கூடையை இறக்கியவள், அப்படியே சரிந்துவிட்டாள். டீச்சர்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளேயே தங்கி அழுகிவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். கருப்பையைச் சுத்தம் செய்து, ரத்தம் ஏற்றி, ஊசிமேல் ஊசி போட்டு அவளை மீட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, இனி பிள்ளை தங்குவது சந்தேகம் என்றார். பிள்ளை பெற்றவளை வைத்துப் பார்ப்பதுபோலவே இவளையும் பார்க்க வேண்டும், இன்னொரு முறை இப்படி ஆனால் பிழைக்க மாட்டாள் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். என் அம்மா பூவாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மறுநாளைக்காகக் கூடையைக் கழுவி வைத்தாள்.

அண்ணி அதைப் பார்த்தாள். நேராக உள்ளே போய், பிரசவமானவர்கள் படுக்கும் மூலையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

"கையில புள்ள இல்லாதவளுக்கு என்னடி பாயும் படுக்கையும்?" என்றாள் அம்மா.

"கையிலதான் இல்ல அத்தை. வயித்துல எட்டு மாசம் இருந்துச்சுல்ல? பெத்த ஒடம்பு இது. பத்தியம் வராம எந்திரிக்க மாட்டேன்."

"எங்க காலத்துல எவ படுத்தா?"

"நீங்க படுக்கலங்கறதுக்காவ நான் சாவ முடியாது."

நான் அப்போது பாவாடை தாவணியில் கதவோரம் நின்றிருந்தேன். மாமியாரிடம் இப்படிப் பேசிய ஒருத்தியை அதுவரை பார்த்ததில்லை. பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

பத்தியக் குழம்பு தன் அடுப்பில் தன் கையால் வேகாது என்று அம்மா சொல்லிவிட்டாள். என்னையும் தொடவிடவில்லை. அதனால் அண்ணன் கொல்லையில் கல் கூட்டி அடுப்பு மூட்டிச் சமைத்தான். நடுக்கடலில் காற்றுக்கு ஈடுகொடுக்கத் தெரிந்தவனுக்குப் பூண்டு உரிக்கத் தெரியவில்லை. முதல் நாள் கருகல் நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போனது. கரையில் ஆட்கள் பஞ்சநாதனுக்குத்தான் பிரசவமாம் என்று கேலி செய்ததை, முகம் தொங்கிப்போய் வந்து சொன்னான். அண்ணி படுத்தபடியே, "சொல்லிட்டுப் போறானுவ. நாளைக்குப் பூண்டக் கருக்காம வதக்குங்க" என்றாள். அவனும் வதக்கினான், நாற்பது நாளும். இடையில் ஒருமுறை காய்ச்சல் திரும்பியபோது, மாத்திரையை நேரம் தவறாமல் கேட்டு வாங்கி விழுங்கினாள். செத்துப்போக அவளுக்கு இஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. மழைக்காலத்தில் அடிவயிறு பிடித்து இழுக்கும். ஒருநாள் சுருண்டு படுத்துவிட்டு மறுநாள் கூடை தூக்குவாள். மீன் வாங்கும் வீடுகளில் எத்தனை பிள்ளை என்று கேட்டால், ஒன்று, செத்துப் பிறந்தது என்பாள். கேட்டவர்கள் முகம் எப்படிப் போனாலும் கவலைப்படாமல் மீனை அரியத் தொடங்கிவிடுவாள். அதற்கும் ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றது.

எண்பத்துமூன்றில், பட்டினச்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்த எனக்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை தவறியது. மூன்றாம் நாளே என் மாமியார் காசியம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு வரச் சொல்லிக் கூடையை எடுத்து வைத்தார். எனக்கு அண்ணியின் வாய் கிடையாது. கிணற்றடிக்கு நடந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. மீன் விற்கும் பெண்கள் வழியாகச் செய்தி கிளிஞ்சல்மேட்டுக்குப் போயிருந்தது. தூக்குவாளியோடு அண்ணி வேகமாக நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்க என் அம்மா.

அண்ணி என்னைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்தாள். காசியம்மா வழியில் நின்றுகொண்டு, பிள்ளையே இல்லாதவளுக்கு எதற்குப் பத்தியம் என்று கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பஞ்சநாதனுக்கு முன்ன ரெண்டு பெத்து, ரெண்டையும் மண்ணுக்குக் குடுத்தவ நான், சம்பந்தி. மறுநாளே கூடை தூக்குனேன். என்னைய யாரும் படுன்னு சொல்லல. எம் மவளுக்கு நான் சொல்றேன். அவ படுத்திருக்கட்டும்."

அந்த இரண்டு பேரைப் பற்றி அன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. காசியம்மா வழிவிட்டார்.

என்னைப் பாயில் விட்டுவிட்டு அண்ணி அடுக்களைக்குப் போய் ஒரு தட்டு எடுத்துவந்தாள். அம்மாவைப் பார்த்தாள். திரும்பப் போய் இன்னொன்றும் எடுத்துவந்தாள். இரண்டிலும் சோறு போட்டுத் தூக்குவாளியிலிருந்த பத்தியக் குழம்பை ஊற்றினாள். ஒன்றை என் கையில் கொடுத்தாள். மற்றதை அம்மாவுக்கு முன்னால் வைத்து, "சாப்புடுங்க அத்தை, ஆறிடப் போவுது" என்றாள்.