பதிமூணேமுக்கால் மீட்டர்

காலை ஏழரைக்கு, விபூதி பூசி, இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முருகவேல் கை நீட்டுவார். கத்தரிக்கோல் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. கணக்குக்கு விடை சொன்னால்தான் அவர் மனைவி ஜோதியம்மாள் அதை வெளியே எடுப்பார்.

“பதிமூணரை மீட்டர் துணி. ஜன்னலுக்கு ரெண்டேகால். எத்தினி ஸ்கிரீன்?”

“இன்னாமே, தினம் பரீட்சை வெக்கற? ஆறு!”

செங்கம் சாலை விடுதிகளுக்கு முப்பது வருடமாக ஜன்னல் திரை தைப்பவர். காகிதத்தில் கணக்குப் போட்டதே இல்லை. “எல்லாத்தையும் காலா ஒடைச்சிக்கணும். பதிமூணரைன்னா அம்பத்திநாலு கால். ரெண்டேகால்னா ஒம்போது கால். அதுல இது எத்தினி வாட்டி போவுது? அவ்ளோதான்.” அரை மீட்டர் ஜாஸ்தி வாங்கி வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

சித்திரையில் ஒரு விடுதிக்கு எட்டுத் திரை. ஜன்னலுக்கு இரண்டேமுக்கால் மீட்டர். இவர் எட்டையும் இரண்டேகாலாக வெட்டிவிட்டார். மாட்டிப் பார்த்தால், தரைக்கு அரை மீட்டர் மேலேயே எல்லாம் நின்றுவிட்டன. மறதி நோய் என்றார் டாக்டர். “வெட்டறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு கேளுங்கம்மா. சொன்னார்னா வெட்டட்டும்.”

அன்றிலிருந்து கணக்கு. தினமும் அதே கணக்கு. “மாத்திக் கேக்க பயமா இருக்குதுங்க” என்றார் ஜோதியம்மாள், பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம்.

நேற்று அதே விடுதிக்காரர், பழைய பழக்கத்துக்காக, புதுத் துணி கொடுத்தனுப்பியிருந்தார். இதுவும் கெட்டால் இனி வேறு ஆளாம். இன்று நிஜ அளவைக் கேட்டாக வேண்டும்.

“பதிமூணேமுக்கால் மீட்டர். ஜன்னலுக்கு ரெண்டேமுக்கால்.”

முருகவேல் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. “அம்பத்தஞ்சு கால்.” சரி. “இது... பதினோரு கால்.” அதுவும் சரி. ஜோதியம்மாள் டிரம்மின் மூடியைத் திறந்தேவிட்டார். முருகவேலின் விரல்கள் டேப்பின் நுனியைச் சுருட்டின, பிரித்தன, மறுபடி சுருட்டின.

“ஆறு” என்றார், கையை நீட்டி. “ஆறுதானே? குடுமே.”

ஐந்து.

“ஆமாங்க. ஆறுதான்.”

கத்தரியை ஜோதியம்மாள் அவர் கையில் வைத்தார். விடுதித் துணியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் நீலப் புடவையை உருவி மேசைமேல் விரித்து, அவர் வெட்ட வாகாக, ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.