புளியமரப் பொந்தும் நான் இறுக்கிய கயிறும்

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மோட்டார் ரூம் சாவியைக் கிணற்றோரப் புளியமரத்தின் பொந்துக்குள்தான் வைப்போம். பக்கத்துத் தோட்டக்காரர்களும் அப்படித்தான். அன்று காலை சாவி எடுக்கக் கையை விட்ட என் கணவர், "ஆத்தாடி!" என்று அலறி உதறினார். விரலைக் கவ்வியிருந்த ஒன்று மரப்பட்டையில் விழுந்து திரும்பி நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சி. உடம்பெல்லாம் சாம்பல் கோலம், தூக்கிய முன்னங்கால்களுக்கு அடியில் பளிச்சென்று மஞ்சள். சட்டென்று பொந்துக்குள் ஓடி மறைந்துவிட்டது. இருபது வருஷமாக அந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், தலைக்கு மேலே இப்படி ஒரு ஜந்து குடியிருந்தது தெரியவே தெரியாது.

"விஷம் தலைக்கு ஏறிரும் மதினி, கட்டுங்க!" என்று கத்தினான் என் கொழுந்தன்.

பூ மூட்டை கட்டும் சணல் கயிறு கையில் இருந்தது. அவருடைய முழங்கைக்கு மேல் மூன்று சுற்று சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். மல்லிகை மூட்டை கட்டிக் கட்டி எனக்கு அப்படி ஒரு பிடி.

"ரொம்ப வலிக்குது புள்ள" என்றார்.

"உசுரு பெருசா, வலி பெருசா? செத்த நேரம் சும்மா இருங்க" என்று அதட்டினேன்.

வழியில் விஷக்கடிக்குப் பார்வை பார்க்கிறவர் வீட்டில் நிறுத்தி, வேப்பிலை அடித்து, திருநீறு போட்டு, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கை நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

டாக்டரம்மா தன் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதுவா?" என்றார். அதேதான்.

"பழைய மரப்பொந்துல இருக்கும். கடிச்சா நல்லா வலிக்கும், கொஞ்ச நாளைக்குச் சதை இழுக்கும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது." கயிற்றைக் கத்தரித்தார். "கையைக் கெடுத்தது இதுதான். யாரு கட்டுனது?"

தூக்கிவாரிப் போட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நானேதான் டாக்டர்" என்றார். தன் வலக்கையில் ஒற்றைக் கையால் அப்படி ஒரு முடிச்சு எவனாலும் போட முடியாது. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெட்டிய கயிற்றைக் குப்பைக்கூடையில் போட்டார்.

இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. பூச்சி கடித்துக் கை போச்சு என்று ஊரே பேசியது. அவரும் தலையாட்டினார்.

அவர் வீடு திரும்பிய மறுநாள் கொழுந்தன் பைக்கிலிருந்து பெட்ரோல் எடுத்துப் பொந்தில் ஊற்றித் தீ வைத்தான். பெரியது முதலில் வந்து விழுந்தது. பின்னாலேயே குஞ்சுகள், சுண்டுவிரல் நகம் அளவில், எண்ண முடியாத அளவுக்கு. தாயும் பிள்ளைகளுமாக ஒரே பொந்தில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

"எங்கண்ணன் கையக் கெடுத்த சனியனுக" என்று ஒவ்வொன்றாகச் செருப்பால் தேய்த்தான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். நான் விளக்குமாற்றை எடுத்துவந்து, செத்ததையெல்லாம் கூட்டித் தள்ளினேன்.