பாலத்துக்கு மேலே ஒரு ஸ்டேஷன்

பசை காயும் வரை ஹம்சவேணி யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். குட்டிப் பாலத்தின் விளிம்பில் குட்டி டிக்கெட் கவுன்ட்டரை வைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தபடி, பாலம் கட்டியவரில் தொடங்கி, ரயில்வே கேட்டை மூடியவர், சுவர் எழுப்பியவர் என்று ஒருவரையும் விடமாட்டார். கவுன்ட்டர் ஒட்டிக்கொண்டதும் திட்டு நின்றுவிடும். "சரி, அடுத்தது" என்று கத்தரிக்கோலைத் தேடுவார்.

பழங்காநத்தத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். புது பிரேமோடு பொருத்தி வரும் வெற்று பிளாஸ்டிக் வில்லைகளை மற்ற கடைக்காரர்கள் குப்பையில் போடுவார்கள். இவரிடம் அவை ஸ்டேஷன் ஜன்னல்களாகிவிடும். உடைந்த பிரேம்களின் காம்புகளை ராவி கைப்பிடிக் கம்பிகள் செய்வார். கண்ணாடிக் கூட்டைக் கவிழ்த்து வைத்தால் காத்திருப்போர் அறை. கடைக்கு வந்த ஒருவர், "பொம்மை நல்லா இருக்கும்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவருக்கு அன்று கண்ணாடி கிடைக்கவில்லை.

அவர் செய்வதெல்லாம் ஒரே வகை ஸ்டேஷன்தான். கீழே தண்டவாளம், மேலே சாலைப் பாலம், பாலத்தை ஒட்டினாற்போல் ஸ்டேஷன் கட்டடம். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டெட்டு வைத்தால் கவுன்ட்டர், அங்கிருந்து நேராகப் பிளாட்பாரத்துக்கு இறங்கிவிடலாம். வெளியூர், வெளிநாட்டு ஸ்டேஷன்களை போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

கணவர் ஜனகராஜ் சாதுவான மனிதர். "மாறுதலுக்கு ஒருதடவை தரையில் இருக்கிற ஸ்டேஷன் செய்யக்கூடாதா?" என்று வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் கேட்டுப் பார்த்தார். ஹம்சவேணி கணக்குப் போடுவது சௌராஷ்டிரத்தில், கோபப்படுவது தமிழில். பதில் தமிழில் வந்தது.

"தரையில இருந்த ஸ்டேஷனத்தான் சுவரு வச்சு அடைச்சுட்டானுகளே! தலைக்கு மேல பாலம் போகுது, கீழ ரயில் நிக்கிது. நடுவுல எறங்க வழி வைக்கத் துப்பில்ல. அம்புட்டுப் பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அவர் வீட்டுக்குத் தெற்கே ஒரு சிறிய ஸ்டேஷன் இருக்கிறது. பாசஞ்சர் மட்டும் நிற்கும். முன்பு கேட் வழியாகச் சமதரையில் போய்ப் பிளாட்பாரம் ஏறலாம். பாலம் வந்தது, கேட்டை மூடிச் சுவர் எழுப்பினார்கள். இப்போது ஸ்டேஷனுக்குப் போக ஓடைக்கரையோடு சுற்ற வேண்டும். மழை பெய்தால் அதுவும் இல்லை.

பாண்டிச்செல்விக்கு அந்தச் சுற்றுவழி ஒருநாளும் உதவவில்லை. சின்ன வயதிலேயே இரண்டு காலும் சூம்பிப்போய், கக்கத்துக் கட்டைகளை ஊன்றி நடப்பவர். திருமங்கலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் வேலை. கண்ணாடி வாங்க வந்து ஹம்சவேணிக்குச் சிநேகிதியானவர். ரயிலில் போய்வந்துகொண்டிருந்தவர் பஸ்ஸுக்கு மாறினார். ஒருநாள் ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்து, "டிரைவர் பாக்கலக்கா, விடுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ஹம்சவேணிக்குப் பொறுக்கவில்லை.

அன்று தொடங்கிய மாடலில் லிப்ட் வைத்தார். வில்லைகளை வெட்டி ஒட்டிய கண்ணாடிக் கூண்டு. பக்கத்துத் திருகைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பெட்டி நூலில் தொங்கியபடி பாலத்திலிருந்து பிளாட்பாரம் வரை இறங்கும். பாண்டிச்செல்வி அதை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, வேலைக்குப் போக நேரமானதையும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

குடியிருப்போர் சங்கம் அந்த மாடலைக் கேட்டு வாங்கியது. பாலத்தில் ஸ்டேஷன் வேண்டும் என்று மனு கொடுக்கப் போகிறார்கள். அதிகாரி ஒருவர் கூட்டத்துக்கு வருகிறார். சங்கத் தலைவர் பாண்டிராஜ் வந்து, "அக்கா, உங்க மாடலப் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சிரும்" என்று அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

கூட்டம் கல்யாண மண்டபத்து மாடியில். ஹம்சவேணி போனபோது மாடல் மேடை மேஜையில் இருந்தது. அதில் படிக்கட்டு இருந்தது. லிப்ட் இல்லை. அது நின்ற இடத்தில் பசைத் தழும்பு மட்டும்.

"லிப்ட் எங்க தம்பி?"

"டிராயர்ல பத்திரமா இருக்குக்கா. லிப்ட்டும் வேணும்னு கேட்டா செலவக் காட்டி மொத்தத்தையும் தள்ளிருவாங்க. மொதல்ல படி வரட்டும், பொறவு பாப்போம்."

"பொறவுன்னா எப்ப? அவளுக்குக் காலு மொளச்ச பொறவா?"

பாண்டிராஜ் கெட்டவர் இல்லை. மனுவை எடுத்து மறுபடி புரட்டினார். அதற்குள் ஹம்சவேணியின் போன் அடித்தது. பாண்டிச்செல்வி.

"அக்கா, வந்துட்டேன். கீழ வண்டியிலதான் இருக்கேன். மீட்டிங் மாடியிலயாம்ல? நாலு பேரு சேந்து நாற்காலியோட தூக்கிட்டுப் போறோம்ங்கிறாங்க. நான் வேணாம்னுட்டேன். நீங்க பேசிட்டு வாங்க."

ஹம்சவேணி போனைப் பைக்குள் போட்டார். மேஜைக்குப் போய் மாடலை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கினார். முன்வரிசையில் இருந்த அதிகாரி எழுந்தேவிட்டார்.

"அக்கா, என்ன பண்றீங்க? கூட்டம் ஆரம்பிக்கப் போகுது!" என்று பாண்டிராஜ் ஓடிவந்தார்.

"ஆரம்பிங்க. கீழ வந்து ஆரம்பிங்க. கேக்க வேண்டியவ கீழ இருக்கா; நீங்க மாடியில உக்காந்துக்கிட்டு யாருக்குடா ஸ்டேஷன் கேக்குறீங்க?"

அவர் இறங்கினார். கீழே பார்க்க முடியாமல் மாடல் மறைத்ததால் ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினார். பின்னால் முதலில் யாரும் வரவில்லை. பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. அதிகாரி, பாண்டிராஜ், அப்புறம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள்.

மண்டபத்து வாசலில், வெயிலில், பாண்டிச்செல்வி உட்கார்ந்திருந்த ஆட்டோவைச் சுற்றிக் கூட்டம் நடந்தது. மாடலை அவர் மடியில் வைத்தாயிற்று. கேட் இருந்தபோது எப்படிப் போனார், இப்போது எப்படிப் போகிறார், எப்படி விழுந்தார் என்று அவரே சொன்னார். இந்தமுறை சிரிக்கவில்லை.

"கேக்குறத முழுசாக் கேட்டுருங்க" என்றார் அதிகாரி. "கெடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா கேக்காததக் குடுக்க யாரும் வர மாட்டாங்க."

பாண்டிராஜ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மனுவில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் லிப்ட்டையும் எழுதிச் சேர்த்தார். எழுதிவிட்டு, முதல் கையெழுத்துக்காகத் தாளை ஹம்சவேணியிடம் நீட்டினார். அவர் வாங்கி அப்படியே பாண்டிச்செல்வியிடம் கொடுத்தார். மடி முழுக்க மாடல். தாளை வைத்து எழுத இடமில்லை.

"டிராயர்ல வச்சுப் பூட்டுறானுகளாம், டிராயர்ல" என்று முணுமுணுத்தபடியே ஹம்சவேணி திரும்பி நின்று, முழங்காலில் கையூன்றி, குனிந்து, தாளை வைத்து எழுத முதுகைக் கொடுத்தார்.