குடிலில் தொங்கிய ஐந்து விமானங்கள்

டெய்சி என்கிற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது கோயிலில். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். பெரம்பலூர் சவரிமுத்து மகள் டெய்சிக்கும் எங்கள் ஊர் விண்ணரசி மகன் மரிய ஆல்பர்ட்டுக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்றார். என் பக்கத்தில் முட்டி போட்டிருந்த ஓரகத்தி என் விலாவில் இடித்தாள்.

"அக்கா, பொண்ணோட அப்பா மிலிட்டரியில ஏரோப்பிளான் ரிப்பேர் பண்ணவராம். பொண்ணு ஏரோப்பிளானே செய்யுமாம்."

"வாயை மூடுடி, ஓலை வாசிக்கிறாங்க."

"நெசந்தான். சீர்ல பீரோவோட ஒரு பொட்டி பிளாஸ்டிக்கும் வருதாம்."

வரத்தான் செய்தது.

விண்ணரசி எனக்குச் சின்னம்மா மகள். எங்கள் அம்மாவும் அவள் அம்மாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அவள் பெற்றது ரெண்டு. மூத்தவன் ஆல்பர்ட், பள்ளிக்கூடத்து வாத்தியார். இளையவன் செபஸ்டின், முந்திரிக்கொட்டை வியாபாரம். ரெண்டு பேரும் எனக்கு மகன் முறை. மகன் முறை என்பதால் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு. திட்டத்தான் போகிறேன்.

டெய்சி செய்தது விளையாட்டுச் சாமான் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வீட்டில் கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் அது ஏறவில்லை. அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டம் சட்டமாக வரும். ஒவ்வொரு சட்டத்திலும் காய் காய்த்த மாதிரி சின்னச் சின்ன உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டி எடுத்து, ராவி, ஒட்டி, பூசி முடித்தால் நிஜ விமானம் எப்படியோ அப்படியே கைக்குள் அடங்குகிற அளவில் வரும். ஓட்டுகிறவன் உட்காருகிற இடத்தில் மிளகளவு கடிகாரங்கள்கூட இருக்கும். சின்ன வயசில் அப்பனும் மகளும் சேர்ந்து செய்து பழகியதாம். ஜெயங்கொண்டத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில்தான் வாங்கினாள். யாரிடமும் கை நீட்டவில்லை.

அதற்கும் பேச்சு கேட்டாள். குழந்தை உண்டாகவில்லை அவளுக்கு. "புள்ளை பெத்துக்க வக்கில்லை, பொம்மை பெத்துக்குது" என்று விண்ணரசி குழாயடியில் என் காது பட்டே சொன்னாள். "ஏன்டி, உன் மவனுக்கு டெஸ்ட் எடுத்தியா?" என்று கேட்டேன். ஆறு மாசம் என்னோடு பேசவில்லை.

எப்போதும் ஒரு விமானத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பெட்டியைத் தொடுவாள். ஒருநாள் போனேன், மேசை முழுக்கச் சட்டங்கள். ஐந்து பெட்டியும் திறந்து கிடந்தன.

"என்னம்மா, கடை போடப் போறியா?"

"இல்லைங்க பெரியத்தை. அப்பாவுக்கு."

சவரிமுத்துவுக்குக் கண் அழுத்தம். ஒரு கண் ஏற்கெனவே அவிந்துவிட்டது. இன்னொன்றில் ஓரமெல்லாம் இருண்டு, நடுவில் ஒரு வளையல் அளவுக்குத்தான் பார்வை நின்றது. அதுவும் மங்கி, சுருங்கிக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, நிற்கிறது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது என்று திருச்சியில் டாக்டர் சொல்லிவிட்டார். மனுசன் இருபது வருசம் மிலிட்டரியில் வேலை பார்த்தது ஐந்து வகை விமானத்தில். நாட், ஹண்டர், மிக், டகோட்டா, கான்பெரா. இந்தப் பேரெல்லாம் நான் படித்து வைத்ததில்லை, அவள் சொல்லிச் சொல்லி மனசில் நின்றது. கான்பெராவில்தான் அவர் அதிக நாள். "அது இன்ஜினுக்குள்ள தலையை வுட்டு வுட்டுத்தான் எனக்கு முடி கொட்டிச்சு" என்பார். ஐந்தையும் வரிசையாக வைத்து ஒருதரம் பார்த்துவிட வேண்டும், கண் போவதற்குள். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஒவ்வொன்றாகச் செய்தால் எட்டாது. அதனால் ஐந்தையும் ஒரே கையாக எடுத்தாள். அஞ்சுக்கும் ஓட்டுகிறவன் உட்காருகிற உள்ளறை, பிறகு அஞ்சுக்கும் இறக்கை, பிறகு அஞ்சுக்கும் வால். ஒன்றுக்குப் பசை காய்கிற நேரத்தில் அடுத்ததற்கு உப்புத்தாள் போடுவாள். துணிக்கு மாட்டுகிற கிளிப்பெல்லாம் விமானத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும், விண்ணரசி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கத்துவாள். சாயம் அடிக்கிற துப்பாக்கியைக் கழுவுவதே பெரிய வேலையாம். ஒரு சாயத்தைக் கலக்கினால் அஞ்சுக்கும் அடித்துவிட்டுத்தான் கழுவுவாள்.

நிஜத்தில் ரெண்டு மூன்று விமானத்துக்குப் பச்சைச் சாயமாம். டெய்சி அஞ்சுக்கும் வெள்ளி என்று முடிவு பண்ணினாள், வெயிலில் மின்னினால்தான் அவர் கண்ணுக்குத் தட்டுப்படும் என்று. அதற்குப் போனில் அப்பனுக்கும் மகளுக்கும் சண்டை.

"ஹண்டருக்கு வெள்ளியா? எவன் சொன்னான்?"

"உங்க கண்ணு சொல்லிச்சு. சும்மா இருங்கப்பா."

வெள்ளிக்கு அடியில் பளபளவென்று கறுப்பு பூச வேண்டும். கறுப்பு எவ்வளவு வழுவழுப்போ, வெள்ளி அவ்வளவு மின்னும். கிறிஸ்துமசுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஐந்துக்கும் கறுப்பு அடித்து, காய வைத்து, அறையைப் பூட்டி, சாவியைப் புருசன் கையில் கொடுத்துவிட்டு அப்பாவைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "தூசி படாமப் பாத்துக்கங்க, வந்ததும் வெள்ளி அடிச்சு, பண்டிகை முடிஞ்ச மறுநாள் அப்பாகிட்ட எடுத்துட்டுப் போவணும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஆல்பர்ட் தலையாட்டினான். வாத்தியார் தலை, ஆட்டுவதற்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்.

எங்கள் ஊர்க் குடில் பைத்தியத்தைச் சொன்னால்தான் மிச்சம் புரியும். குடில் என்றால் குழந்தை ஏசு, மாதா, சூசையப்பர், மாடு, ஆடு. எங்கள் அப்பன் காலத்தில் அவ்வளவுதான். இப்போது மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் போட்டி. ஊரில் உள்ள விளையாட்டுச் சாமானெல்லாம் அதற்குள் ஏறிவிடும். பெத்லகேமில் பெட்ரோல் பங்க் நிற்கும். போன வருசம் கீழத்தெரு ரயில் ஓட்டிப் பரிசு வாங்கிவிட்டது. மேலத்தெருக் குடிலுக்கு செபஸ்டின்தான் தலைவன். அவனுக்கு வருசம் பூராவும் அந்த ரயில் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

டெய்சி திரும்பி வந்தது கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் மத்தியானம். பண்டிகைப் பலகாரம் வாங்கிக்கொள்ள நான் அங்கேதான் இருந்தேன். அறைக்குள் போனவள் அதே வேகத்தில் வெளியே வந்தாள்.

"அத்தை, மேசையில இருந்தது எங்க?"

"எது?"

"அஞ்சு விமானம்."

"அந்தக் கருமமா? பண்டிகையும் அதுவுமா கறுப்பா அஞ்சு கெடக்குது, துக்க வூடு மாதிரி. செபஸ்டின்தான் குடிலுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். நல்லாத் தங்கக் கலரு அடிச்சு மாட்டியிருக்கான், போய்ப் பாரு."

டெய்சி கைப்பையைக்கூட இறக்கவில்லை. நடந்தாள். பின்னாலேயே நானும் போனேன்.

மேலத்தெருவில் மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னால் குடில். வைக்கோல் கூரைக்கு மேல் தூண்டில் நரம்பில் ஐந்தும் தொங்கின. தகரக் குப்பி ஸ்பிரேயில் தங்கம் அடித்து, பெவிகால் தடவி ஜிகினா தூவி, மூக்கில் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். சக்கரத்தையெல்லாம் ஒடித்துப் போட்டுவிட்டார்கள், பறக்கிற விமானத்துக்குச் சக்கரம் எதற்கு என்று.

"அண்ணி, எப்புடி?" செபஸ்டினுக்கு வாயெல்லாம் பல். "கீழத்தெருக்காரன் தரையில ரயில் வுட்டான், நாம ஆகாசத்துலயே போயிட்டோம்ல."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"அண்ணன்தான் சாவி குடுத்தாரு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தம்பிக்காரனை நினைத்திருப்பாள், மாமியாரை நினைத்திருப்பாள். புருசனை நினைத்திருக்க மாட்டாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பெரியத்தை, ஆடாமப் புடிச்சுக்கங்க" என்றாள். பிடித்துக்கொண்டேன். ஏறி, நரம்பை அறுக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி! குடில்ல வச்சதை மூணு ராசா திருநாள் வரைக்கும் எடுக்கக்கூடாதுங்க!"

"வச்சது நான் இல்லை."

கூட்டம் கூடிவிட்டது. கோலமாவுக் கையோடு ஒருத்தி சொன்னாள், "ஐயோ, கொழந்த ஏசு வூட்டுலயே திருடுறாளே!"

"திருடுனது இங்க நிக்கிது, அதைக் கேளுங்க" என்றாள் டெய்சி.

அப்போதுதான் ஆல்பர்ட் வந்தான், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "இறங்கு டெய்சி. மானத்தை வாங்காத. ஜனவரி ஆறு, ராசா திருநாள் வரைக்கும்தான? அப்புறம் எடுத்துட்டுப் போய்க் காட்டு."

"அதுவரைக்கும் கண்ணு காத்துக்கிட்டு இருக்குமா?"

"சரி, மாமாவை இங்க கூட்டிட்டு வா. குடில்லயே பாக்கட்டும்."

"ஒரு முழம் தள்ளி நின்னா உங்க மூஞ்சியே அவருக்குத் தெரியாது. அவ்வளவு உசரத்துல தெரியுமா? எதுக்குச் செஞ்சேன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியும். அதுக்காக? தம்பி ஆசையாக் கேட்டான். ஏசுவுக்குக் குடுக்கறதைப் போய் எப்படி மாட்டேங்கறது?"

இதுதான் எனக்கு இன்னைக்கும் வயிறு எரிகிற இடம். தன் பொருளைக் கொடுத்தால் காணிக்கை. பெண்டாட்டி பொருளை அவள் இல்லாத நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்கும் ஏசு பேரைச் சொல்கிறானே! கேட்டவளை ஏசுவுக்கு எதிராளி ஆக்கிவிட்டான் பாருங்கள். படித்தவன் செய்கிற அயோக்கியத்தனத்துக்கு ஒரு வழுவழுப்பு இருக்கும். "ஏன்டா, உன் மோட்டார் சைக்கிளைக் கொண்டாந்து தொங்க வுடுறதுதானடா?" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "பெரியம்மா, நீங்க பேசாம இருங்க" என்றான்.

கீழே இறங்கி விமானத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நரம்பு கோக்க ஆணியைக் காய்ச்சி ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஓட்டை போட்டிருந்தார்கள். கான்பெராவில் ஆணி உள்ளறை வரைக்கும் இறங்கி, பிளாஸ்டிக் இளகி மெழுகு மாதிரி ஒழுகிப்போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஐந்தையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு அவள் பெரம்பலூர் கிளம்பிவிட்டாள். "பண்டிகைக்கு மருமவ இல்லாத வூடா" என்று விண்ணரசி ஒப்பாரி வைத்தாள். பறித்த சாமானைத் திரும்பக் கொண்டுவந்து குடிலில் மாட்டி, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்று தெருவுக்கே கேட்கச் சபதம் போட்டாள். நான் நேராகச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "குடில்ல வச்சதை எடுக்கக்கூடாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார். அதை விண்ணரசியிடம் வந்து சொன்னேன். "அவருக்கு என்ன தெரியும்? தூத்துக்குடிக்காரரு" என்றாள். இப்படிப்பட்டவளோடு என்ன பேசுவது!

பொங்கல் கழித்து, எங்கள் மாமன் பேத்தி கல்யாணத்துக்குப் பெரம்பலூர் போனவள் டெய்சி அப்பா வீட்டில் ரெண்டு நாள் தங்கினேன். வீடே ஆஸ்பத்திரி மாதிரி டெட்டால் வாடை. சாயத்தைக் கழற்ற ஐந்தையும் டெட்டால் வாளியில் ஊறப்போட்டிருந்திருக்கிறாள். அந்த மட்டமான தங்கம் சில இடத்தில் பிளாஸ்டிக்கையே தின்றிருந்தது. நாட், ஹண்டர், டகோட்டா மூன்றும் தேறின. ஓட்டையை அடைத்து, மறுபடி ராவி, மறுபடி கறுப்பு, மேலே வெள்ளி. மிக் மூக்குடைந்து கிடந்தது. கான்பெராவுக்கு வயிற்றையே புதிதாகச் செய்தாக வேண்டும்.

காலை வெயிலில் முற்றத்தில் அவரை உட்கார வைத்து, முகத்துக்குக் கிட்டத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். அந்த வளையல் அளவுப் பார்வைக்குள் விமானத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு.

"கொஞ்சம் எடது பக்கம். இன்னும். நிறுத்து." இறக்கையை விரலால் தொட்டார். "நாட். குட்டிப் பிசாசு. அடுத்தது காட்டு." கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹண்டரு. வெள்ளியடிச்சு மாப்பிள்ளை ஆக்கிட்டியேடி. எங்க ஆபீசர் பாத்தா உன்னை உள்ள தள்ளிடுவாரு."

டகோட்டாவை மூக்கிலிருந்து வால் வரைக்கும் பார்த்தார். பிறகு, "கான்பெரா எங்க?" என்றார்.

"காயுதுப்பா."

நான் இருந்த ரெண்டு நாளும் நாலைந்து தரம் கேட்டார். என்ன நடந்தது என்று அவள் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்தக் கிழவர் தடவித் தடவியாவது பஸ் ஏறி வந்து ஆல்பர்ட்டை அறைந்திருப்பார். நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் பெரியத்தை, அழுத்தம் ஏறிடும்" என்றாள்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு ரெண்டு நாள் முன்னால் மிக்கும் கான்பெராவும் முடிந்தன. அன்றைக்கு நடந்ததை டெய்சி எனக்குப் போனில் சொன்னாள். கான்பெராவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போயிருக்கிறாள். அவர் தலையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வெயில்ல காட்டு பாப்பா" என்றாராம்.

"வெயில்லதான்ப்பா இருக்கு."

கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம். விரலால் இன்ஜினைத் தேடித் தடவினாராம்.

அந்த வாரமே ஆல்பர்ட் அவளைக் கூப்பிடப் போனான், அம்மா மன்னித்துவிட்டாள் என்று சொல்லி. யார் யாரை மன்னிக்கிறது? "அஞ்சுல மூணைப் பாத்துட்டாருல்ல, மிச்சத்தைத் தடவிப் பாத்துட்டாருல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டிருக்கிறான். டெய்சி அவனுக்குக் காபி கொடுத்து, செருப்பை எடுத்து வாசல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். ஊருக்கு வந்து அதை என்னிடம் குறையாகச் சொன்னான். "காபி குடுத்தாளா? நானா இருந்தா அதுவும் குடுத்திருக்க மாட்டேன்" என்றேன்.

மேலத்தெருவுக்கு அந்த வருசமும் பரிசு கிடைக்கவில்லை. அதற்கும் காரணம் டெய்சிதான் என்று விண்ணரசி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும்.

டெய்சி இப்போது பெரம்பலூர் துறைமங்கலத்தில், அப்பா வீட்டில் இருக்கிறாள். அங்கேயே ஒரு மருந்துக்கடையில் வேலை.