விரலுக்கு எட்டிய மலை

1959இல் கண்ணில் வந்த நோயால் செவந்தாயியின் கணவன் வீரசிங்கத்தின் பார்வை போனது. இலங்கையில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவன், அதன்பின் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னான். அந்த மௌனந்தான் செவந்தாயிக்குப் பெரும் பாரமாக இருந்தது.

அடிவாரத்தில் கொழுந்தெடுத்த நேரம் போக, மரச்சட்டத்தில் சாக்கு நூலால் அவள் மிதியடி நெய்வாள். ஒருநாள் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று சட்டத்து ஆணியில் மாட்டி இழுபட, நெய்த பகுதி சுருங்கிப் புடைத்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை. பக்கத்து நூல்களையும் வேண்டுமென்றே இழுத்தாள். துணி மேடாக எழுந்தது. இப்படியே இழுத்தும் தளர்த்தியும், ஒரு மாதத்தில் அவன் வேலை செய்த மலையையே நெய்துவிட்டாள்.

"தொட்டுப் பாருங்க," என்று அவன் மடியில் வைத்தாள்.

விரல்கள் சரிவில் மெல்ல ஏறி, நடுவில் நின்றன.

"நம்ம மலையா, புள்ள?"

"ஆமாங்க."

"ஓடை இங்க இல்லையே. பெரிய பாறைக்கு அங்கிட்டுல்ல திரும்பும்? நீ கீழ இருந்தே பாத்திருக்க."

எந்த வளைவில் கால் வழுக்கும், எங்கே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள் என்று அவன் பேசிக்கொண்டே போனான். செவந்தாயி எட்டு நாள் வேலையைப் பிரித்துப்போட்டு, அவன் சொல்லச் சொல்ல நூலை இழுக்கத் தொடங்கினாள்.