குளிர்சாதனப் பெட்டியில் வைத்தீர்களா?

"தங்கச்சி, உம்மட போத்தலுக்குள்ள இருக்கிறது நீர் சொல்லுற மாதிரித்தான் இருக்கெண்டு நான் என்னெண்டு நம்புறது?"

ஆய்வுக் குழுவில் நான் சேர்ந்த முதல் கிழமையே இப்படிக் கேட்டவர், எங்கள் தரவுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் அண்ணா. கொழும்பில் வசதியானவர்கள் வாழும் வெள்ளவத்தைக்காரர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்தவளின் கையை நம்ப முடியாது என்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் உடனே நம்பியதில்லை.

ஆய்வு இதுதான். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் சாப்பிடுவதைத் தின்று பலவித இரசாயனங்களை வெளிவிடுகின்றன. மலத்தைப் பதப்படுத்திக் கருவியில் இட்டால் அவற்றின் நீண்ட பட்டியல் வரும். எங்கள் கண்ணுக்கு அது வெறும் எண்குவியல். செயற்கை நுண்ணறிவு அதற்குள் ஒழுங்கைத் தேடும். யாருடைய குடல் நலமாக இருக்கிறது, யாருடையது நோயை நோக்கிப் போகிறது என்று ஒருநாள் அது சொல்லும் என்பது எங்கள் பேராசிரியையின் நம்பிக்கை. வெள்ளவத்தையில் சில வீடுகள், கொட்டாஞ்சேனையில் சில வீடுகள் என்று தெரிவு செய்தோம். கொட்டாஞ்சேனை என் பொறுப்பு.

மலம் கேட்டு வீடு வீடாகப் போவது லேசான வேலை இல்லை. "உதுக்கோடி கம்பஸ் போனனீ? கக்கூசுக்குப் போறவைக்குப் பின்னால திரியவோ?" என்று அப்பாவின் தங்கை, என் மாமி, குழாயடியில் எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். நான் முதலில் அம்மாவைச் சம்மதிக்கவைத்தேன். அதன் பிறகுதான் மற்ற வீடுகள் இறங்கி வந்தன. "எங்கட பிள்ளை ஆசையாக் கேக்குது. குடுத்தா எங்களுக்கு என்ன குறைஞ்சா போகும்?" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது எங்கள் குறுந்தெரு, அந்த ஒழுங்கையே சிரித்தது.

மாதிரி சேர்ப்பது வெள்ளிக்கிழமைகளில். வேன் காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் தொடங்கும். அங்கே போத்தல்கள் சூடு ஆறுமுன்னரே ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். அங்கே எல்லா வீடுகளையும் முடித்து, காலி நகருக்குப் போகும் பெருவீதியின் நெரிசலைக் கடந்து வேன் எங்கள் பக்கம் வரப் பதினொரு மணியாகும். அதுவரை போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும்படி எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். படிவத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. 'குளிர்சாதனப் பெட்டியில் வைத்தீர்களா?' நான் வாசலில் நின்று கேட்பேன். அவர்கள் "ஓம், ஓம்" என்பார்கள். நான் சரி போடுவேன். அத்தனை படிவங்களிலும் என் கையால் போட்ட சரி.

முடிவு வந்த நாள் அண்ணா திரையை என் பக்கம் திருப்பினார். புள்ளிகள் இரண்டு கும்பலாகப் பிரிந்து கிடந்தன.

"பாத்தீரோ? ஒண்டுமே சொல்லிக் குடுக்கேல்ல. நம்பரை மட்டும்தான் குடுத்தனான். அதுவா வெள்ளவத்தையை ஒரு பக்கமும் கொட்டாஞ்சேனையை மற்றப் பக்கமும் வச்சிருக்கு. உங்கட பக்கத்து ஆக்களின்ட குடல் சரியான பழுது, தங்கச்சி."

பேராசிரியைக்குச் சந்தோஷம். திங்கட்கிழமை கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றார். "உம்மட பேரும் அதில இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை மட்டும் சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்குள் ஒழுங்கை முழுவதும் அறிந்துவிட்டது. குடல் பழுது என்ற செய்தியை நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு அதில் சந்தேகம் இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் கிழமைக்கு மூன்று தரம் மாட்டிறைச்சி சமைக்கும் வீடு உண்டு. கருவாடு இல்லாமல் சோறு இறங்காத வீடு உண்டு. வெள்ளிக்கிழமை வெங்காயத்தைக்கூடத் தொடாத வீடும் உண்டு. இத்தனை பேரின் குடலும் ஒரே கும்பலில் விழுமா? அண்ணா எங்கோ கை வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எந்தப் போத்தல் இலக்கம் எந்தக் கும்பலில் விழுந்தது என்ற பட்டியலைக் கேட்டேன். "என்ன, என்னில நம்பிக்கை இல்லையோ?" என்றார். "இல்லை அண்ணா" என்றேன். பகிடி என்று நினைத்துத் தந்துவிட்டார்.

எந்த இலக்கம் எந்த வீடு என்பது என் குறிப்புப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமை காலை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொட்டாஞ்சேனை இலக்கங்களில் ஒன்றே ஒன்று வெள்ளவத்தைக் கும்பலுக்குள் இருந்தது. எங்கள் ஒழுங்கைக் கோடியில் மீன் வியாபாரம் செய்பவரின் வீடு அது. அண்ணாவின் பிழையைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மீன்காரரின் மனைவி வாசலில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்டைக்குத் தந்த போத்தலை எங்க வச்சிருந்தீங்க?"

"ஏன் பிள்ளை, நாறிப்போச்சோ?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

"உதில ஒரு பழைய பெட்டி கிடக்குதே, அதுக்குள்ள ஐஸ் போட்டு வச்சனான். மீன் பழுதாகாதெண்டா இதுவும் பழுதாகாதுதானே?" கையை உதறிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பின்ன என்ன, ஃப்ரிட்ஜுக்குள்ளயோ வைப்பினம் அதை?"

அந்தக் கேள்வி வீடு வரும்வரை என்னோடு வந்தது. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. அண்டைக்குப் போத்தலை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சீங்களா?"

"ஓம்."

"அம்மா."

துருவுவது நின்றது. "வெள்ளிக்கிழமை, சாமிக்கு வைக்கிற பாலும் தயிரும் இருக்கிற ஃப்ரிட்ஜுக்குள்ள அதை வைக்கச் சொல்லுறியோ? குளியலறை யன்னல்ல வச்சனான். நல்லா மூடித்தான்."

"பிறகேன் ஓம் எண்டு சொன்னீங்க?"

"நீ பேனையோட ஆசையா வந்து நிக்கிறாய். இல்லையெண்டு சொன்னா உன்ர முகம் வாடிப்போகும். பக்கத்து வீட்டு அக்காவும் யன்னல்லதான் வச்சவ. எல்லாரும் உனக்காகத்தான் ஓம் எண்டது."

குளியலறைக்குள் போய் அந்த யன்னலைப் பார்த்தேன். காலை வெயில் நேரே அதில் விழுந்தது. அந்தச் சூட்டில் நாலு மணித்தியாலம். போத்தலுக்குள் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தியிருக்காது. தின்று, புளித்து, புதிது புதிதாக இரசாயனங்களை வெளிவிட்டிருக்கும். கணினி பிரித்தது குடல்களை அல்ல, குளிரில் இருந்த போத்தல்களையும் யன்னலில் இருந்த போத்தல்களையும் என்று சந்தேகப்பட்டேன். அண்ணா முதல் கிழமை கேட்ட கேள்வி சரி என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். என் பெயர் அச்சில் வந்திருக்கும், அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். ஆனால் அந்தப் பெயருக்கு மேலே, எங்கள் ஒழுங்கை ஆட்களின் குடல் பழுது என்றும் எழுதியிருக்கும். எனக்காக ஓம் சொன்னவர்கள் அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியைக்கு எழுதினேன். கட்டுரையை அனுப்பவேண்டாம், குளிர்சாதனப் பெட்டி என்று நான் சரி போட்ட படிவங்களை நம்பவேண்டாம், பிழை என்னுடையது என்று. மன்னிப்பை ஒரு தரம்தான் கேட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது. "நாளைக்கு வந்து என்னோட கதையும்." கோபமா இல்லையா என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. என் பெயர் இருக்குமா, வேலை இருக்குமா என்று அன்றிரவு எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடியவே எழும்பி, என்னுடையதையே இரண்டு போத்தல்களில் பிரித்து எடுத்தேன். ஒன்றை மீன்கார அக்காவிடம் இரவல் வாங்கிய பெட்டியில் ஐஸுக்குள் வைத்தேன். மற்றதைக் குளியலறை யன்னலில் வைத்தேன். அம்மா கதவடியில் நின்று, "உனக்கு என்ன விசரோ?" என்றார். பதினொரு மணிக்கு இரண்டையும் ஐஸில் அடுக்கி முச்சக்கரவண்டியில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போனேன்.

அண்ணா போத்தல்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிய இலக்கங்கள் இரண்டைத் தவிர அவற்றில் நான் ஒன்றும் எழுதவில்லை.

"ஆரின்ட இது? எந்தப் பக்கம்?"

"அதை உங்கட கணினி சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, பேராசிரியையின் அறைக் கதவைத் தட்டினேன்.