வெளியாள் வெட்டிய கொடி

கத்திரியை எடுப்பதற்கு முன் கொடியை இரண்டு சுற்றுச் சுற்றி வருகிறார், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரர் மாதிரி. பிறகு, “கிளைக்கு ரெண்டு கணு. மூணாவது கணுவுக்கு நம்ம கத்திரியில மன்னிப்பே கிடையாது” என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார். ஒரு மணி நேரத்தில் பந்தல் மொட்டை. தோட்டக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். இவரோ தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

என் பக்கத்து வீட்டுக்காரர். திராட்சைக் கொடிக்குக் கவாத்து செய்வதுதான் பிழைப்பு. எல்லாம் கையால்தான். மெஷின் என்றால் பிடிக்காது. அதற்குக் கணு எது, கழுத்து எது என்று தெரியாதாம். காய்ப்பேறிய அவர் உள்ளங்கையில் தீக்குச்சி உரசலாம். பந்தலை அண்ணாந்து பார்த்தே பழகிய கழுத்து இப்போது கீழே இறங்க மறுக்கிறது. நம்மோடு பேசும்போதும் உத்தரத்தைத்தான் பார்ப்பார். பல்லி விழப்போகிறதோ என்று நாமும் அண்ணாந்து பார்ப்போம். ஆனாலும் நல்ல கிளை ‘சக்’கென்று ஒரே வெட்டில் விழுந்தால் அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகம்தான்.

இப்பேர்ப்பட்ட சூரர் வீட்டு முற்றத்தில் ஒரு கொடி இருக்கிறது. நட்டு ஆறு வருஷம், கத்திரி பட்டதில்லை. காய்த்ததும் இல்லை. குளியலறை ஜன்னல் வழியே உள்ளே போய்க் குழாயைச் சுற்றிக்கொண்டு, காயப்போட்ட தலையணை உறை இரண்டைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. கேட்டால், “நாமளே வளர்த்ததுங்க. எப்படிக் கை வரும்?” என்பார். அவர் மனைவி என் பக்கம் திரும்பி, “ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி” என்பார்.

போன வாரம் அந்தக் கொடி குளியலறைத் தாழ்ப்பாளைச் சுற்றிக்கொண்டுவிட்டது. உள்ளே அந்த அம்மாள். அரை மணி நேரம் கதவைத் தட்டியிருக்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்தே தீர்ப்பும் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் வெட்டவில்லை என்றால் கொடியை வேரோடு பிடுங்கிவிடுவார். இவர் கொடியை நோகாமல் பிரித்துக் கதவைத் திறந்துவிட்டார். வேறு ஆளை அழைக்கவும் சம்மதிக்கவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை மனிதர். எனக்கே பாவமாக இருந்தது.

ஞாயிறு காலை தொப்பியும் பையுமாகத் தெருமுனையில் போய் நின்றார். சமையலறையிலிருந்து மனைவி போன் செய்தார். இருவரும் என் மாடிக்குத் தெரிந்தார்கள்.

“ஐயா, ஒரு கொடி வெட்டணும்.”

“வீடு எங்கம்மா?”

சொந்த வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு வந்து, மணியடித்து, மிதியடியில் காலைத் துடைத்து நின்றார். கொடியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“யாரும்மா இதை இப்படி விட்டு வெச்சது? அறிவிருக்கா அந்த ஆளுக்கு?”

“வீட்டுக்காரருங்க. நானும் ஆறு வருஷமா அதைத்தான் கேட்கிறேன்.”

இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் முற்றத்தில் வானம் தெரிந்தது. தலையணை உறைகள் இரண்டும் பத்திரமாகக் கிடைத்தன. வெட்டிய நுனிகளில் நீர் சொட்டியது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, “வரேம்மா” என்று கும்பிட்டுப் போய்விட்டார். நான் சிரிப்பை அடக்கப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தெருமுனையில் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். இரண்டு நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து வந்தவர் வீட்டுக்காரர். அண்ணாந்தார். கண் நிறைந்துவிட்டது.

“யாரு வெட்டினது?”

“யாரோ ஒருத்தர் வந்தாருங்க. நல்ல வேலைக்காரர்தான்” என்றார் மனைவி மெதுவாக.

ஈரம் சொட்டிய நுனியைக் கட்டைவிரலால் ஒற்றியெடுத்தார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, இரண்டு சுற்று வந்தார். ஓரக் கிளை ஒன்றில் விரல் வைத்து எண்ணினார்.

“இங்க பாரு, மூணு கணு விட்டுட்டுப் போயிருக்கான்” என்று பைக்குள் கையை விட்டுக் கத்திரியை எடுத்தார்.

சக்.